கார்த்திகையில் கழற்றும் கறுப்பு

கார்த்திகை முதல் தேதி காலையில் யுகேந்திரன் தன் கறுப்புச் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து அலமாரியின் மேல்தட்டில் அடுக்கிக்கொண்டிருக்கிறார். அந்த வாரம் கெலாங் பாத்தா துணிக்கடைகளில் கறுப்பு வேட்டிக்கும் கறுப்புச் சட்டைக்கும் தட்டுப்பாடு. கோயிலில் மாலை போட்டுக்கொள்ள வரிசை நிற்கிறது. வருஷம் முழுக்கக் கலர் கலராகத் திரிந்தவர்களெல்லாம் கறுப்புக்கு மாறுகிற அந்த நாளில், வருஷம் முழுக்கக் கறுப்பில் திரிந்த இந்த ஒரு மனிதர் மட்டும் கறுப்பைக் கழற்றுகிறார். பதிலுக்கு எடுத்து மாட்டுவது கத்திரிக்காய் நிறத்தில் ஒரு சட்டை. அது அவருக்குச் சுத்தமாகப் பொருந்தவில்லை. கண்ணாடியில் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறார்.

"தை பொறக்கட்டும்," என்கிறார் மனைவி லோஷினியிடம். "அதுவரைக்கும் கத்திரிக்காதான்."

ஏர்கோன் பழுதுபார்ப்பது அவர் தொழில். வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பழைய வெள்ளை வேன் ஒன்று. அதற்குள் ஏணி, தண்ணீர் பம்பு, வாளி, சுருட்டி வைத்த கித்தான். ஆள் ஒல்லி, நல்ல உயரம். தோள்வரை முடி, வேலை நேரத்தில் கொண்டை போட்டுக்கொள்வார். அடர்ந்த தாடி. கண்ணுக்குக் கீழே மை. விரல்களில் வெள்ளி மோதிரங்கள்: ஒன்றில் வௌவால், ஒன்றில் மண்டையோடு, இன்னொன்றில் இருப்பது என்னவென்று அவரே சொன்னால்தான் தெரியும். கழுத்தில் கறுப்பு மணிகள் கோத்த மாலை. பத்து நகங்களிலும் கறுப்புப் பூச்சு. இடதுகைக்கு அவரே பூசிக்கொள்வார், வலதுகைக்கு லோஷினி. பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் என்பதால் லோஷினி பூசினால் கோட்டைத் தாண்டாது.

இந்தக் கோலத்தில் ஊரார் வீட்டுப் படுக்கையறைக்குள் ஏணியைத் தூக்கிக்கொண்டு நுழைவது லேசான காரியமில்லை. கதவைத் திறக்கும் பெண்கள் ஒரு நொடி தயங்குவார்கள். அந்த ஒரு நொடி அவருக்கு நன்றாகத் தெரியும். உடனே தானாகவே இரண்டடி பின்வாங்கி வெயிலில் நின்றுகொள்வார். "ஏர்கோன் லா அக்கா. நீங்கதானே போன் பண்ணீங்க?" என்பார். குரல் பஞ்சு மாதிரி இருக்கும். பூட்ஸைக் கழற்றி வாசலில் ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வருவார். வேலை முடிந்ததும் தான் சிந்திய தண்ணீரோடு தான் சிந்தாத அழுக்கையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் போவார். அடுத்த தடவை அந்த வீட்டில் அவருக்குத் தேத்தண்ணி கிடைக்கும்.

ஊர் அவருக்கு வைத்த பெயர்களுக்குக் கணக்கில்லை. தாமான் குடியிருப்பில் சைக்கிள் விடும் பிள்ளைகளுக்கு அவர் பேய் அங்கிள். நாசி லெமாக் சோறு விற்கும் மலாய்க்கார மக்சிக்கு அவர் 'பூடாக் மெட்டல்', அதாவது மெட்டல் பையன். உதிரிப்பாகக் கடைச் சீனர் 'ரோக்கர்' என்று கூப்பிட்டுக் கையை ஆட்டுவார். கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் சட்டையை ஏற இறங்கப் பார்த்து, "தம்பி கழகத்துக்காரரா?" என்று மிகுந்த மரியாதையோடு விசாரித்ததும் உண்டு. ஒவ்வொருவரையும் யுகேந்திரன் நின்று நிதானமாகத் திருத்துவார். "இல்லீங்க. நான் கோத்."

கோத் என்றால் என்ன என்று கேட்டுவிட்டால் தொலைந்தது. ஏர்கோன் உறையைக் கழற்றிய கையோடு ஏணியில் உட்கார்ந்துவிடுவார். குளிர்நாடுகளில் எழுபது, எண்பதுகளில் கிளம்பிய ஒரு பாட்டு வகையில் தொடங்குவார். அதைக் கேட்டவர்களுக்கு இருட்டும் மழையும் கல்லறையும் எப்படி அழகாகத் தெரிந்தன, அந்த அழகை எப்படி உடுப்பாக்கிக்கொண்டார்கள் என்பதில் வந்து முடிப்பார். நடுவில் எல்லைக்கோடுகளும் போடப்படும். "மெட்டல்காரனுக்குக் கோவம். பங்க்காரனுக்கு யாரும் அதிகாரம் பண்ணக்கூடாது. எமோ பசங்களுக்கு மனசு ஒடஞ்சிருக்கும், அத எல்லாரும் பாக்கணும். நாங்க அப்படி இல்ல. சாவு ஒண்ணும் அசிங்கமில்லன்னு நெனைக்கிறவங்க. அத மொகத்துக்கு நேரா பாத்து ஒரு பாட்டு கேக்கறவங்க." கேட்ட அக்கா பாவம், அறை குளிர்ந்தால் போதும் என்று நின்றுகொண்டிருப்பார்.

இந்தக் கோடுகளையெல்லாம் அழிக்கவென்றே பிறந்தவன் அவருடைய நண்பன் டாரில். பெக்கான் நானாஸில் அன்னாசித் தோட்டங்களுக்கு உர லாரி ஓட்டுகிறான். அவன் மெட்டல். ஞாயிறு மாலைகளில் ஜோகூர் பாருவில் ஒரு கடைவீட்டு மாடியில் இவர்கள் எல்லாரும் கூடுவார்கள். முதலில் மெட்டல் குழு வாசிக்கும், பிறகு பங்க், அதற்குப் பிறகு யுகேந்திரனுக்குப் பிடித்த மெதுவான சோகப் பாட்டுகள். மூன்றுக்கும் டிரம்ஸ் அடிப்பவர் ஒரே ஆள். கேட்க வருகிறவர்களும் அதே ஆட்கள்தான். பாட்டு மாறும்போது எழுந்து சட்டையை மட்டும் இழுத்துவிட்டுக்கொள்வார்கள். யுகேந்திரன் போட்டிருக்கும் பூட்ஸே டாரில் கொடுத்தது. ஆனாலும் அவர் விடுவதில்லை. எது எதற்குள் அடங்கும், எது எதற்கு வெளியே என்று பேசிக்கொண்டே இருப்பார். ஒருநாள் டாரிலுக்குப் பொறுமை போய்விட்டது.

"இருக்கறதே ஒரு கைப்பிடி ஆளு. இதுல எத்தன ஜாதி லா பிரிப்ப?"

யுகேந்திரன் அன்றைக்குத் தன் தே தாரிக் டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். லோஷினிக்கு இந்த வழக்குகளில் அக்கறையில்லை. "இவரு என்ன வகைன்னு எனக்குத் தெரியாதுங்க," என்பார் கேட்பவர்களிடம். "மழை பெஞ்சா சந்தோஷமா இருப்பாரு. அவ்ளோதான்."

ஆனால் யுகேந்திரனின் பிடிவாதத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. இடைநிலைப் பள்ளியில் படித்தபோது 'பிளாக் மெட்டல்' என்ற பேச்சு ஊரெல்லாம் அடிபட்டது. பிள்ளைகள் சாத்தானைக் கும்பிடுகிறார்கள், ஆட்டு ரத்தம் குடிக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின, பெற்றோர்கள் அலறினார்கள். கட்டொழுங்கு ஆசிரியர் பைகளைச் சோதித்தார். யுகேந்திரனின் பையில் ஒரு கறுப்பு நகப்பூச்சு இருந்தது. கூட்டத்துக்கு நடுவே நிற்கவைத்துப் பிரம்படி. தலைமுடியை ஒரு பக்கம் மட்டும் கத்தரித்துவிட்டு, அப்படியே வீட்டுக்கு அனுப்பினார்கள். அடி வாங்கியதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஒரு இடத்தில் மட்டும் சிரிப்பு நின்றுவிடும். "நான் அந்தப் பாட்டே கேட்டதில்லீங்க. எனக்கு அந்தச் சத்தமே ஆவாது. நான் வேறன்னு சொன்னேன். யாரும் காது குடுக்கல." அந்தப் பையன் இன்னும் அவருக்குள் அதே கூட்டத்துக்கு நடுவே நின்று, நான் வேற, நான் வேற என்று சொல்லிக்கொண்டிருக்கிறான் என்றே தோன்றுகிறது.

அவர்கள் வட்டாரத்தில் கெட்ட வார்த்தை ஒன்றே ஒன்றுதான். போசர். உள்ளே ஒன்றுமில்லாமல் உடுப்பை மட்டும் மாட்டிக்கொண்டு திரிகிறவனை அப்படிச் சொல்வார்கள். வேறு எதைச் சொல்லித் திட்டினாலும் யுகேந்திரன் பொறுத்துக்கொள்வார்.

பண்டார் தெங்காராவில் அந்த வார்த்தை அவரைத் தேடிப் பிடித்தது. மூன்று கார்த்திகைக்கு முன்னால் நடந்த கதை இது.

செம்பனைக் காடுகளுக்கு நடுவே இருக்கும் அந்த ஊரில் வரிசை வீடொன்றில் ஏர்கோன் ஒழுகுகிறது என்று தனலெட்சுமி என்ற அம்மாள் அழைத்திருந்தார். கணவர் கனகராஜ், வாதம் வந்து வலப்பக்கம் விழுந்து படுக்கையில் இருந்தார். செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதினேழு வருஷம் விடாமல் மாலை போட்டுச் சபரிமலை போய் வந்தவர். மகளுக்குச் சிங்கப்பூரில் வேலை. வீட்டில் இவர்கள் இருவர் மட்டும்தான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து கனகராஜ் வாய் திறந்து ஒரு சொல் பேசியிருக்கவில்லை.

யுகேந்திரனுக்கு இதெல்லாம் தெரியாது. வழக்கம்போலப் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, தாடி, கழுத்தில் மணிமாலை, வெறுங்கால். மாதமோ கார்த்திகை. கட்டிலில் கிடந்தவரின் கண்கள் அவர்மேல் நின்றன. இடதுகை மெல்ல எழுந்தது. கோணிய வாயின் ஒரு பக்கம் அசைந்தது.

"சா...மி... சரணம்."

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த தனலெட்சுமி அதை அப்படியே விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதார். "பேசிட்டாரு! சாமி, ஒங்களப் பாத்ததும் பேசிட்டாரு சாமி!"

வாழ்நாளெல்லாம் ஒவ்வொருவரையும் நின்று திருத்தியவருக்கு அன்றைக்கு நாக்கு எழவில்லை. என்ன சொல்வது? அம்மா, நான் சாமி இல்லை, கோத் என்றா? அவர் வாயும் திறந்தது. "சாமி சரணம்," என்று பதில் சொல்லிவிட்டது.

ஒரு பொய் வாசலைத் தாண்டிவிட்டால் மிச்சத்தைச் சொல்ல வேண்டுமா? தனலெட்சுமி பித்தளைச் சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்தார். மாலை போட்டவர் வீடு தேடி வந்தால் காலைக் கழுவி, இலை போட்டுச் சாப்பாடு போடுவது புண்ணியம். யுகேந்திரன் வேண்டாம் வேண்டாம் என்று காலை இழுத்தார். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார் அந்த அம்மாள். கழுவி, துடைத்து, பொட்டு வைத்து, அந்தத் தண்ணீரைத் தன் தலையிலும் தெளித்துக்கொண்டார். சாம்பாரும் கீரையும் பாயசமுமாக இலை நிறைந்தது. காலையில் குலாயில் ஒரு கடையில் அவர் ஆட்டுக்கறிப் பெரட்டலோடு சோறு தின்றுவிட்டு வந்திருந்தார். விரலில் இன்னும் அந்த வாசம் இருந்தது. அதே விரலால் பாயசத்தைத் தொட்டார். கட்டிலிலிருந்து கனகராஜ், தானே சாப்பிடுவதுபோல ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வேனை ஓட்ட முடியாமல், செம்பனைத் தோப்போரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். டாரிலிடம் சொன்னபோது அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அலமாக்! கடைசில நீதான்டா போசர்." வேடிக்கையாகச் சொன்னதுதான். யுகேந்திரன் எழுந்து வெளியே போய்விட்டார்.

கத்திரிக்காய்ச் சட்டை அதற்கு அடுத்த கார்த்திகையில் வந்தது. இனி யாரும் தன்னைப் பார்த்துக் கையெடுக்கக் கூடாது. மணிமாலையையும் தை வரை கழற்றிவிடுவார். கறுப்பு இல்லாமல் வெளியே போகும்போது, மேலுக்கு ஒன்றும் போடாமல் தெருவில் நடக்கிறமாதிரி இருக்கிறது என்கிறார். இருந்தாலும் போகிறார். தனலெட்சுமியின் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அந்த அம்மாள் இரண்டு வருஷமும் ஏர்கோனைக் கழுவ வரச்சொல்லி அழைத்தார். இவர் தொழிலில் தெரிந்த வேறொருவரை அனுப்பிவைத்தார். "சாமி நல்லாருக்காரா?" என்று அவரிடம் விசாரித்தார்களாம். அதைக் கேட்டு யுகேந்திரன் தலையைக் குனிந்துகொண்டார்.

இந்த வருஷம் வந்த அழைப்பைத் தட்ட முடியவில்லை.

"சாமி, இவரு ரொம்பத் தளந்துட்டாரு," என்றார் தனலெட்சுமி. "அடுத்த கார்த்திகைக்கு இருப்பாரான்னு தெரியல. பதினேழு தடவ மலை ஏறினவரு. பதினெட்டாவதுக்குக் காயாவது போகணும்னு துடிக்கிறாரு. யாருகிட்ட குடுக்கலாம்னு கேட்டா, 'ஏர்கோன் சாமி'ங்கறாரு. வேற பேரே சொல்ல மாட்டேங்கறாரு. ஒங்க முடியில வெச்சு எடுத்துட்டுப் போவீங்களா சாமி?"

மலைக்குப் போகிறவர் தலையில் சுமப்பது இருமுடி. அதற்குள் நெய் நிரப்பிய தேங்காய் இருக்கும். நடக்க முடியாதவர் தன் தேங்காயைப் போகிறவர் முடியில் வைத்துக் கொடுத்தனுப்புவது வழக்கம். காய் போய்ச் சேர்ந்தால் ஆளே போன மாதிரி. கனகராஜ் தன்னைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிக் கேட்டது ஒரு கோத்திடம்.

டாரில் சுலபமான வழி சொன்னான். "போ, வாங்கிக்க. நெசமா மலைக்குப் போறவங்ககிட்ட குடுத்துடு. காய் போயிரும்ல? அந்த மனுஷனும் நிம்மதியா இருப்பாரு. எதுக்கு லா அவரு நம்பிக்கைய ஒடைக்கணும்?"

அதில் நியாயம் இல்லாமலில்லை. யுகேந்திரன் பாதி சம்மதித்தும் விட்டார். கெலாங் பாத்தா கோயிலில் மற்றவர்களுக்கு மாலை போட்டுவிடும் மணியம் குருசாமியைப் போய்ப் பார்த்தார். அவர் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. "வெலாசத்தக் குடுங்க. வெள்ளிக்கெழம நானே போய் வாங்கிக்கறேன்," என்றார். லோஷினிதான் இரவுச் சாப்பாட்டின்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தன் காய யார் கையில குடுக்கறோம்னு அவருக்குத் தெரிய வேணாமா?"

வருகிறேன் என்று தனலெட்சுமிக்குப் போன் செய்துவிட்டு, இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் யுகேந்திரன் பண்டார் தெங்காராவுக்குக் கிளம்பினார். கத்திரிக்காய்ச் சட்டையோடுதான் போனார். நல்ல மழை. கதவைத் திறந்த தனலெட்சுமி சட்டையைப் பார்த்தார், வெறும் கழுத்தைப் பார்த்தார். கை தானாக வாயைப் பொத்தியது.

"அய்யோ சாமி! மாலைய கழட்டிட்டீங்களா? வீட்ல யாரும் தவறிட்டாங்களா?"

விரதத்தின் நடுவில் வீட்டில் சாவு விழுந்தால் மாலையைக் கழற்றிவிடுவார்கள். அந்த அம்மாளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. யுகேந்திரனுக்குத் தப்பிக்க இதைவிட நல்ல கதவு திறக்காது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். தீட்டு, காயைத் தொடக்கூடாது, மணியம் வருவார், முடிந்தது. யார் மனமும் நோகாது. தலை அசையப் போனது என்று அவரே சொல்கிறார். அதற்குள் உள்ளேயிருந்து கனகராஜ் யார் என்று கேட்பதுபோல ஒரு சத்தம் எழுப்பினார்.

"யாரும் சாவலம்மா," என்றார் யுகேந்திரன். "நான் மாலை போடவேயில்ல. அன்னிக்கும் போடல. நான் சாமி இல்லீங்க."

வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். அந்தக் கறுப்பு தன் வழக்கமான உடுப்பு என்றார். அன்று ஐயா பேசியதைக் கேட்டு வாயடைத்துப்போனதைச் சொன்னார். கறிச்சோறு தின்றுவிட்டு வந்ததையும் விடவில்லை. கடைசியில் தனலெட்சுமி ஒன்று மட்டும் சொன்னார்.

"ஒங்க கால கழுவுனேனே."

திரும்பிச் சமையலறைக்குள் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் யுகேந்திரன் வாங்கியது தப்பான பெயருக்கு விழுந்த அடி. இது சரியான பெயருக்கு விழுந்தது. வலி இதில்தான் அதிகம். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தார். ஆனால் அறைக்கதவு திறந்திருந்தது. கனகராஜ் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். இடதுகை விரல்கள் போர்வைமேல் அசைந்து கூப்பிட்டன.

யுகேந்திரன் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார்.

"கறி...யா?" என்றார் கனகராஜ்.

"ஆட்டுக்கறி, ஐயா. பெரட்டல்."

கோணிய வாய் ஒரு பக்கமாக மேலே ஏறியது. சிரிப்பா, அழுகையா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"பின்ன... கறுப்பு?"

வழக்கமாக ஏணியில் உட்கார்ந்து சொல்லும் பாடம் அப்போது யுகேந்திரனுக்கு வரவில்லை. குளிர்நாடும் வரவில்லை, மெட்டலும் பங்க்கும் வரவில்லை. "எனக்குச் சின்ன வயசுலேருந்து இருட்டு புடிக்கும், ஐயா," என்றார். "சாவுப் பாட்டு புடிக்கும். செத்துப்போறதப் பத்தி எல்லாரும் வாயப் பொத்துறாங்க. நான் பொத்தல. அதுக்காகப் போட்டுக்கறது. வேற ஒண்ணும் பெருசா இல்ல."

கனகராஜ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். சாவு தன் கட்டிலோரம் வந்து உட்கார்ந்த பிறகு, வருகிறவர்கள் அத்தனை பேரும் சீக்கிரம் எழுந்து நடப்பீர்கள் என்றே சொல்லக் கேட்டுக் கிடந்த மனிதர் அவர்.

"வருசம்... பூரா?"

"வருஷம் பூரா."

"கழட்றதே... இல்ல?"

"இல்லீங்கய்யா. ஒங்க மாசத்துல மட்டும் கழட்டிடறேன். யாரும் தப்பா நெனச்சிரக் கூடாதுன்னு."

பிறகு மணியத்தைப் பற்றிச் சொன்னார். வெள்ளிக்கிழமை வருவார், விரதம் தவறாதவர், காயை அவர் முடியில் வைத்துக் கொண்டுபோவார். கனகராஜ் கண்ணை மூடித் திறந்தார். அது சம்மதம். ஆனால் அவருக்கு வெள்ளிக்கிழமைவரை காத்திருக்க மனமில்லை. "இன்னிக்கி... நெய்," என்றார், சமையலறைப் பக்கம் பார்த்து.

தனலெட்சுமி தாம்பாளத்தோடு வந்தார். கண் சிவந்திருந்தது. நார் நீக்கி மழமழவென்று தேய்த்த தேங்காய், கண்ணைத் துளைத்துத் தண்ணீர் வடித்துக் காயவைத்தது. உருக்கிய நெய், சின்னக் கரண்டி, அடைக்க ஒரு தக்கை. விடிகாலையிலேயே சாமிக்காக எல்லாம் தயார் பண்ணியிருக்கிறார். யுகேந்திரன் பக்கம் திரும்பாமல் தாம்பாளத்தைக் கட்டிலில் வைத்தார். கணவரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, தோளில் சாய்த்து நிமிர்த்திப் பிடித்தார். கனகராஜ் நல்ல கையால் கரண்டியை எடுத்தார். தேங்காய் தாம்பாளத்தில் உருண்டது. அதைப் பிடிக்க அவருக்கு இன்னொரு கை இல்லை. தனலெட்சுமியும் கையை எடுத்தால் அவர் சாய்ந்துவிடுவார்.

"நீ... புடி," என்றார் கனகராஜ்.

"நான் வெரதம் இல்லீங்கய்யா."

"புடி."

யுகேந்திரன் அசையவில்லை. அவர் பார்த்தது தனலெட்சுமியை. மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் வெகுநேரம் கணவரின் பிடரியையே பார்த்திருந்துவிட்டு, தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"காலைல என்ன சாப்ட்டீங்க?"

"தேத்தண்ணிம்மா. ரெண்டு பிஸ்கட்டு."

"நேத்து?"

"நேத்தும் கறி இல்ல. இங்க வரணும்னு தொடல."

கரண்டியிலிருந்து ஒரு சொட்டு நெய் போர்வையில் விழுந்தது.

"தம்பி," என்றார் தனலெட்சுமி. "கை கழுவிட்டு வாங்க. சோப்பு போட்டு."

அவர் மோதிரங்களைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முழங்கைவரை கழுவிவிட்டு வந்தார். மண்டியிட்டுத் தேங்காயை இரண்டு கைகளாலும் எடுத்துக் கனகராஜின் முன்னால் நீட்டினார். தேங்காயின் கண் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முதல் கரண்டி நெய் துளையில் இறங்காமல் ஓட்டின்மேல் வழிந்து, யுகேந்திரனின் விரல்களுக்கிடையே ஓடியது. கனகராஜ் மறுபடியும் கரண்டியை நிறைத்தார். தனலெட்சுமி ஒரு தோளால் கணவரைத் தாங்கிக்கொண்டே ஒரு கையை விடுவித்து நீட்டினார். யுகேந்திரனின் மணிக்கட்டைப் பிடித்து, தேங்காயின் கண் நேராக மேலே பார்க்கும்படி திருப்பினார். நெய் உள்ளே இறங்கத் தொடங்கிய பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை.